சிறப்பு நாளுக்கு ஸ்டேக்: உயர்தர ஸ்டேக்ஹவுஸா, டேஸ்டிங் மெனுவா, வீட்டு அடுப்பா?

“கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. நல்ல ஸ்டேக்ஹவுஸாகப் பார்த்து டேபிள் சொல்லிவைக்கலாமா? அதே காசுக்கு எட்டுப் பத்துத் தட்டு வரும் டேஸ்டிங் மெனு உணவகத்துக்குப் போகலாமா? இல்லை, உயர்ந்த கறியாக வாங்கி வீட்டிலேயே செய்துவிடலாமா?”

ஸ்டேக் என்பது கனமாக வெட்டிச் சுட்ட மாட்டுக்கறித் துண்டு, அதற்கென்றே இருக்கும் உணவகம் ஸ்டேக்ஹவுஸ். இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள் நிறைய. நானும் நின்றிருக்கிறேன். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இந்த மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றிலும் மனம் நிறைந்து வீடு திரும்பிய இரவும் உண்டு, ‘இதற்கா இவ்வளவு செலவு’ என்று சோர்ந்துபோன இரவும் உண்டு. இத்தனைக்கும் பிறகு என் முடிவு இதுதான்: எங்கே ருசி அதிகம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த மாலைப் பொழுது யார் கையில் இருக்கப்போகிறது என்று பாருங்கள். ஸ்டேக்ஹவுஸில் அது உங்கள் கையில். டேஸ்டிங் மெனுவில் சமையல்காரர் கையில். வீட்டில் அடுப்பின் கையில்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, பேச்சு. யாரைக் கொண்டாடுகிறோமோ அவரோடு நிம்மதியாகப் பேச முடிகிறதா? வெகுநாள் கழித்துச் சந்திக்கும் அப்பா அம்மாவாக இருந்தால் இதைவிடப் பெரிய அளவுகோல் கிடையாது.

இரண்டாவது, மேசையில் உட்காரும் எல்லாரும் வயிறார, மனதாரச் சாப்பிட முடியுமா? மாட்டுக்கறி தொடாதவர், கறியே சாப்பிடாதவர், நன்றாக வெந்தால்தான் வாயில் வைப்பவர், குழந்தை என்று ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, கடைசியில் வரும் பில். மெனுவில் போட்டிருக்கும் விலைக்கும் வாசலை விட்டு வெளியே வரும்போது போயிருக்கும் பணத்துக்கும் இடையிலுள்ள தூரம் மூன்று வழிகளிலும் வேறு வேறு.

நான்காவது, வீட்டில் நம்மால் முடியாத எதை அங்கே தருகிறார்கள்? ஐந்தாவது, ஏதாவது தப்பிவிட்டால் அன்றைக்கே சரிசெய்ய வழி இருக்கிறதா? கடைசி அளவுகோலைப் பலரும் யோசிப்பதில்லை. சிறப்பு நாள் என்பது வருஷத்தில் ஒருமுறை வருவது, மறுநாளைக்குத் தள்ளிப்போட முடியாது.

## உயர்தர ஸ்டேக்ஹவுஸ்

### காசு எங்கே போகிறது

முக்கியமாக இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, ‘டிரை ஏஜிங்’ என்னும் உலர்பதம். எலும்போடு கூடிய பெரிய கறித்துண்டை உறை எதுவும் சுற்றாமல், 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், காற்று சுற்றிக்கொண்டே இருக்கும் அறையில் வாரக்கணக்கில் வைப்பார்கள். மெனுவில் 28 நாள், 45 நாள் என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான். கறியில் இயல்பாக இருக்கும் நொதிகள் தசைநாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகின்றன. நீர் வற்ற வற்ற ருசி இறுகுகிறது. மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு மென்மை பெரிதாகக் கூடாது. அதற்கு மேல் வைப்பதெல்லாம் மணத்துக்காக. வறுத்த பருப்பும் பழகிய சீஸும் சேர்ந்தாற்போல ஒரு வாசம் வரும்.

சில ஸ்டேக்ஹவுஸ்களில் அந்த அறையைக் கண்ணாடி போட்டு வாசல் பக்கமே வைத்திருப்பார்கள். போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தட்டில் வரும் கறிக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. மேல்பகுதி கருத்து, சுருங்கி, பழைய மரப்பட்டை மாதிரி இருக்கும். கொழுப்பு மஞ்சள் பூத்து மெழுகாக நிற்கும். அந்தப் பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை வெட்டுகிறார்கள். வற்றிய நீரும் செதுக்கியதும் சேர்ந்து, நீண்ட நாள் வைத்த துண்டில் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடக் காணாமல் போய்விடலாம். விலையின் பெரும்பகுதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று சூடு. ரூத்ஸ் கிறிஸ் என்ற அமெரிக்க ஸ்டேக்ஹவுஸ் நிறுவனம், தன் அடுப்பு 1800 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எரிவதாகச் சொல்கிறது. செல்சியஸில் அது ஏறக்குறைய 980 டிகிரி. வீட்டு இரும்புச் சட்டி 250 டிகிரியைத் தாண்டினாலே சமையலறை புகைமண்டலம் ஆகிவிடும். கடுஞ்சூடு மேலிருந்து இறங்கும்போது கறியின் மேல்புறம் சட்டென்று பழுப்பேறி மொறுமொறுப்பாகும், உள்ளே நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். கனமான ஸ்டேக்கில் இதை வீட்டில் கொண்டுவரப் பயிற்சி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விலை உயர்ந்த இடம் என்பதாலேயே எல்லாக் கறியும் உலர்பதம் என்று நினைத்துவிடக் கூடாது. காற்றுப்புகாத பையில் அடைத்துப் பதப்படுத்தும் முறையும் உண்டு. அதில் எடை இழப்பு மிகக் குறைவு. கறி மென்மையாகத்தான் இருக்கும், அந்த வாசம் மட்டும் இருக்காது. டெண்டர்லாயின் என்ற மென்மையான துண்டு பெரும்பாலும் இப்படித்தான் வரும். கேட்டால் சொல்லிவிடுவார்கள், கேளுங்கள்.

### மறைந்திருக்கும் செலவு

ஒருமுறை நாங்கள் நான்கு பேர் போய்வந்த பிறகு, பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கறிக்கு ஆனது மொத்தத்தில் பாதிக்குச் சற்றுத்தான் மேல். மீதி எங்கே போனது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஸ்டேக்ஹவுஸில் ஸ்டேக் விலை ஸ்டேக்குக்கு மட்டும்தான். மசித்த உருளைக்கிழங்கு, கிரீமில் வேகவைத்த கீரை, காளான் எல்லாம் தனித்தனி. சாஸுக்கும் சில இடங்களில் தனி விலை. மேலே ஒரு துண்டு நண்டோ இறாலோ வைக்கட்டுமா என்று அன்பாகக் கேட்பார்கள். தலையாட்டினால் அதுவும் பில்லில் ஏறும். ‘சந்தை விலை’ என்று மட்டும் எழுதியிருக்கும் பண்டத்துக்கு, விலையைக் கேட்காமல் சரி சொல்லாதீர்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஒயின் குடிப்பவர்கள் இருந்தால் பில் அங்கேதான் எகிறும். கடை விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு என்பது உணவகங்களில் சாதாரணம். பிடித்த பாட்டில் வீட்டில் இருந்தால், கொண்டுவந்து திறக்க என்ன கட்டணம் என்று போனில் கேட்டுவிடுங்கள். பல சமயம் அது லாபமாக இருக்கும். அப்புறம் வரி, சர்வீஸ் சார்ஜ், டிப்ஸ். பெரிய கூட்டமாகப் போனால் சில இடங்களில் டிப்ஸைத் தானாகவே சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் மறுபடி டிப்ஸ் வைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

எடையையும் கவனியுங்கள். மெனுவில் போட்டிருப்பது சமைப்பதற்கு முந்தைய எடை. 400 கிராம் ஸ்டேக் தட்டுக்கு வரும்போது 300 கிராம் சொச்சம்தான் இருக்கும். எலும்போடு வந்தால் அதிலிருந்து எலும்பையும் கழித்துக்கொள்ளுங்கள்.

சிக்கனத்துக்கு நான் கண்ட நல்ல வழி, பெரிய துண்டு ஒன்றை வாங்கிப் பகிர்ந்துகொள்வது. பக்க உணவுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேருக்குப் போதும் அளவில்தான் வரும், ஆளுக்கொன்று சொல்லவே வேண்டாம். மதிய உணவு தருகிற இடமாக இருந்தால், அதே சமையலறையின் கறி குறைந்த விலையில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

### எந்தத் துண்டைச் சொல்வது

ரிப்ஐ என்பது விலாப் பகுதியிலிருந்து வரும், கொழுப்பு ஓடிய துண்டு. கறியின் முழு ருசியும் வேண்டுமென்றால் இதுதான். தசைக்குள் கொழுப்பு வலைபோலப் பரவியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வெந்தாலும் வறண்டுபோகாது. டெண்டர்லாயின் என்பது மாட்டின் முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாக இருக்கும் தசை. அதிக வேலை இல்லாத தசை, அதனால் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். ஃபிலே மின்யான் என்று மெனுவில் வருவது இதுதான். மென்மை இருக்கும் அளவுக்கு ருசி இருக்காது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பல் வலுக்குறைந்த பெரியவர்களுக்கு மட்டும் யோசிக்காமல் இதையே சொல்வேன். முதுகுப் பகுதித் துண்டான ஸ்ட்ரிப், ருசியிலும் மென்மையிலும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

இரண்டு பேருக்கான கொண்டாட்டம் என்றால் என் முதல் தேர்வு போர்ட்டர்ஹவுஸ். டி வடிவ எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் டெண்டர்லாயின். டி-போனும் அதே அமைப்புதான். டெண்டர்லாயின் பக்கம் குறைந்தது 1.25 அங்குலம், அதாவது சுமார் 3.2 சென்டிமீட்டர் அகலம் இருந்தால்தான் அமெரிக்காவில் அதற்குப் போர்ட்டர்ஹவுஸ் என்று பெயர். ஒரே தட்டு நடுவில் இருக்க, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிடுவதே ஒரு நெருக்கம்.

டோமஹாக் என்பது நீண்ட விலா எலும்போடு வரும் ரிப்ஐ. மேசைக்கு வரும்போது எல்லார் கண்ணும் அதன் மேல்தான் இருக்கும், பிள்ளைகள் குதூகலிப்பார்கள். ஆனால் அந்த எலும்பின் எடைக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். அடுப்பில் இருக்கும் அந்தச் சில நிமிஷங்களில் எலும்பிலிருந்து கறிக்குப் பெரிதாக எதுவும் இறங்கிவிடாது.

வாக்யு (கொழுப்பு வலை நிறைந்த ஜப்பானிய மாட்டினக் கறி) என்று பார்த்தால் எந்த நாட்டுக் கறி, என்ன தரம் என்று கேளுங்கள். ஜப்பானிய A5 தரத்தில் அந்த எழுத்து ஒரு மாட்டிலிருந்து எவ்வளவு கறி தேறும் என்பதையும், 5 என்பது தரத்தையும் குறிக்கும். 5 வாங்க, கொழுப்பு வலைக்கான மதிப்பெண் 12க்கு 8 ஆவது இருக்க வேண்டும். அந்த அளவு கொழுப்பை ஒருவர் 300 கிராம் சாப்பிட்டால் திகட்டிவிடும். மேசைக்கு ஒரு சின்னத் துண்டு வாங்கி ஆளுக்கு நாலு வாய் ருசிப்பதே சரி. வாக்யுவிலேயே கோபே என்பது இன்னும் குறுகிய வட்டம். தஜிமா வம்ச மாடாகவும் ஹியோகோ மாகாணத்தில் வளர்ந்ததாகவும் இருக்க வேண்டும்.

### தப்பினால் சரிசெய்ய முடியும்

ஸ்டேக்ஹவுஸை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இதுதான். மீடியம் ரேர், அதாவது நடுவில் சிவப்பு நிற்கும் பதம் என்று சொன்னோம், உள்ளே சாம்பல் நிறமாக வந்துவிட்டது. உடனே சொல்லுங்கள், வேறு போட்டுத் தருவார்கள். நல்ல இடத்தில் முகம் சுளிக்கமாட்டார்கள். முதல் வெட்டு நடுவில் போட்டு நிறத்தைப் பாருங்கள். பாதி தின்றபிறகு சொன்னால் இரண்டு பக்கமும் சங்கடம்.

நன்றாக வெந்தால்தான் சாப்பிடுவேன் என்பவர் மேசையில் இருந்தால், ஆர்டர் கொடுக்கும்போதே சர்வரிடம் சொல்லி, அவருடைய துண்டை நடுவில் விரித்து வெட்டிச் சமைக்கச் சொல்லுங்கள். கனமான துண்டு முழுக்க வேக நேரமாகும், அதுவரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டிவரும். தட்டில் கசியும் சிவப்பு நீரைப் பார்த்து ‘ரத்தம்’ என்று அருவருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லலாம். அது ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர். என் அத்தைக்கு இதை விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் முதல்முறையாக மீடியம் ஒரு வாய் ருசி பார்த்தார். இப்போதெல்லாம் அவரே கேட்டு வாங்குகிறார்.

## டேஸ்டிங் மெனு உணவகம்

எட்டோ பன்னிரண்டோ சின்னத் தட்டுகள், வரிசையையும் அளவையும் முடிவுசெய்பவர் சமையல்காரர். கறி ஒரு தட்டில் வரும், மூன்று நாலு வாயில் முடிந்துவிடும். இங்கே நீங்கள் காசு கொடுப்பது ஒரு கலைஞரின் கற்பனைக்கும், பின்னால் பல கைகள் நாள் முழுக்கச் செய்யும் வேலைக்கும். சாப்பாட்டையே ஒரு கலையாக ரசிக்கும் இருவர் போனால் வருஷக்கணக்கில் நினைவில் நிற்கும்.

ஆனால் பேச்சுக்கு இது நல்ல இடம் இல்லை. இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் மனைவி ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தபோதெல்லாம் அடுத்த தட்டு வந்தது. தட்டோடு ஒரு விளக்கம். அவர்கள் கடமையைத்தான் செய்தார்கள். நாங்கள்தான் அந்த இரவுக்குத் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

மூன்று மணி நேரமாவது உட்கார வேண்டும். பொதுவாக மேசையில் இருக்கும் எல்லாரும் அதே மெனுவைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வாமையோ வேண்டாத பண்டமோ இருந்தால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், உட்கார்ந்த பிறகு சொன்னால் அவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. பல இடங்களில் முன்பணமே முழுப் பணம். யாருக்காவது காய்ச்சல் வந்து போக முடியாமல் போனால் அந்தப் பணம் திரும்பாது. ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற ஒயின் என்று ஒரு தொகுப்பு தருவார்கள், அதன் விலை சாப்பாட்டு விலையை நெருங்கக்கூடும்.

ஒரு பெரிய நன்மை, செலவு முன்பே தெரிந்துவிடும். குடிப்பழக்கம் இல்லாதவர்களுக்கு இங்கே அதிர்ச்சி பில் வருவது அரிது.

## வீட்டில் செய்வது

உலர்பதம் செய்த கறியை நல்ல கறிக்கடைகளில் வெட்டி வாங்க முடிகிற இடமென்றால், ஸ்டேக்ஹவுஸின் பாதி ரகசியம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. செலவு வெகுவாகக் குறையும். மீதிப் பாதியைப் பயிற்சியால்தான் வாங்க வேண்டும்.

நான் நம்பும் முறை, முதலில் மெதுவாகச் சூடேற்றிப் பிறகு பொரிப்பது. 4 சென்டிமீட்டர் கனத்துக்குக் குறையாத துண்டு. முந்தின இரவே உப்பு தடவித் திறந்தபடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மேல்புறம் காய்ந்துவிடும். ஈரம் இருந்தால் சட்டியின் சூடு அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும், நிறம் ஏறாது. அவ்வளவு நேரம் இல்லையென்றால் முக்கால் மணி நேரம் முன்னாலோ, சட்டியில் போடுவதற்குச் சற்று முன்னாலோ தடவுங்கள். மறுநாள் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் வைத்து, நடுப்பகுதி 50 டிகிரியைத் தொட்டதும் எடுங்கள். பிறகு புகை வரும் அளவுக்குக் காய்ந்த இரும்புச் சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிஷம். நடுப்பகுதி 54 முதல் 57 டிகிரிக்குள் நின்றால் மீடியம் ரேர், 60ஐத் தாண்டினால் மீடியம். அமெரிக்க வேளாண் துறை பாதுகாப்புக்குச் சொல்லும் அளவு 63 டிகிரியும், அதற்குப் பிறகு மூன்று நிமிஷ ஓய்வும். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடுவதாக இருந்தால் அதைவிடக் குறைக்க வேண்டாம்.

முதல்முறை நான் செய்தபோது தெர்மாமீட்டர் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்லிவிடலாம் என்று நம்பினேன். வெட்டிப் பார்த்தால் ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை, நடுவில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புக் கோடு. அன்று பிறந்தநாள் கண்டவர் “நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே நீண்ட நேரம் மென்றார். மாற்றிக் கொடுக்க என்னிடம் வேறு துண்டு இல்லை.

வீட்டு விருந்தின் மறைந்த செலவு இதில்தான் இருக்கிறது. தெர்மாமீட்டர், கனமான சட்டி என்று வாங்குவது ஒருமுறைச் செலவு, போகட்டும். சமைப்பவர் அந்தக் கடைசி இருபது நிமிஷம் கொண்டாட்டத்தில் இருக்கமாட்டார். ஒரு சட்டியில் இரண்டு துண்டுதான் சரியாகப் பொரியும். ஆறு பேருக்கு மூன்று முறை போட வேண்டும், கடைசித் துண்டு வரும்போது முதல் துண்டு ஆறியிருக்கும். ஆகவே நான்கு பேருக்கு மேல் வீட்டில் வேண்டாம். செய்வதென்றால் ஒரு வாரம் முன்னால் சாதாரணக் கறியில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

## கூட்டம் பெரிதானால்

பத்துப் பேருக்கு மேல் என்றால் பிரேசில் பாணி ரோடிசியோ உணவகத்தையும் கணக்கில் சேர்க்கலாம். கம்பியில் கோத்துச் சுட்ட கறியை மேசைக்கே கொண்டுவந்து சீவிப் போடுவார்கள், தலைக்கு ஒரே விலை. பிகான்யா என்ற, மாட்டின் பின்பகுதித் துண்டு வரும்வரை வயிற்றில் இடம் வைத்திருங்கள். அமைதியான பேச்சை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | ஸ்டேக்ஹவுஸ் | டேஸ்டிங் மெனு | வீடு |
|---|---|---|---|
| பேச நேரம் | தாராளம் | தட்டுக்குத் தட்டு இடையூறு | சமைப்பவருக்குக் குறைவு |
| ஆளுக்கேற்ற உணவு | மீன், கோழி உண்டு. கறி தொடாதவருக்குப் பக்க உணவுகள்தான் | முன்பே சொன்னால் மட்டும் | முழுக்க உங்கள் விருப்பம் |
| பில் எகிறும் இடம் | பக்க உணவு, ஒயின், சர்வீஸ் சார்ஜ் | ஒயின் தொகுப்பு, திரும்பாத முன்பணம் | பாத்திரம், உங்கள் நேரம் |
| வீட்டில் கிடைக்காதது | கடுஞ்சூடு, பல ஊர்களில் உலர்பதக் கறியும் | சமையல்காரரின் கற்பனை | – |
| தப்பினால் | மாற்றித் தருவார்கள் | வாய்ப்பு குறைவு | வழியில்லை |
| எத்தனை பேர் | 2 முதல் 8 | 2, அதிகபட்சம் 4 | 2 முதல் 4 |

## யாருக்கு எது

பெற்றோரின் திருமண நாள், நீண்ட நாள் கழித்துக் கூடும் நண்பர்கள், பதவி உயர்வு: ஸ்டேக்ஹவுஸ். யோசிக்க வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறீர்களா? அதற்கும் அதுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரத்தை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இருவரும் சாப்பாட்டுப் பிரியர்கள், தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள், புதிதாக ஒன்றைச் சேர்ந்து அனுபவிக்க வேண்டும் என்றால் டேஸ்டிங் மெனு. ஸ்டேக்தான் வேண்டும் என்று ஆசைப்படுபவரை அங்கே அழைத்துப்போகாதீர்கள், பசியோடு திரும்புவார்.

கைக்குழந்தை இருக்கும் வீடு, கையைக் கடிக்கும் மாதம், உடம்பு முடியாத பெரியவர் இருந்தால் வீடுதான். சமையல் பிடித்தவரின் பிறந்தநாளாக இருந்தால் அவரையும் அடுப்பருகே நிறுத்திச் சேர்ந்து செய்யுங்கள். அப்போது அந்தக் கடைசி இருபது நிமிஷமும் கொண்டாட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

கறியே சாப்பிடாதவர்தான் அன்றைய நாயகர் என்றால், இந்த மூன்றில் ஸ்டேக்ஹவுஸை முதலிலேயே அடித்துவிடுங்கள். அவருடைய நாளில் அவர் பக்க உணவை வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது.

ஸ்டேக்ஹவுஸ் என்று முடிவாகிவிட்டால், டேபிள் பதிவு செய்யும்போது போனிலேயே நாலு விஷயம் கேளுங்கள். எந்தெந்தத் துண்டு உலர்பதம், எத்தனை நாள்? சர்வீஸ் சார்ஜ் பில்லில் சேருமா? வர முடியாமல் போனால் எவ்வளவு பிடிப்பீர்கள், எத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும்? சொந்தமாகக் கேக் கொண்டுவந்தால் வெட்டிப் பரிமாறக் கட்டணம் உண்டா? என்ன விசேஷம், யாருக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை வேண்டாம், சுவரோரமாகக் கொடுங்கள் என்றும் கேளுங்கள். காது மந்தமான பெரியவர் வருகிறார் என்று ஒருமுறை சொல்லிவைத்தேன். போனபோது பாட்டுச் சத்தம் எட்டாத மூலை மேசையில் எங்கள் பெயர் இருந்தது.